இரண்டாவது செல்லுக்குப் போகும் வழி

பேராக்கின் சிலிம் ரிவரில் வீட்டுக்கு வீடு நாலு மிளகாய்ச் செடி நிற்கும். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்தவர்களும் பழைய பெயிண்ட் வாளியிலோ அரிசிச் சாக்கிலோ மண்ணை அள்ளிப் போட்டுச் சில்லி பாடி வளர்க்கிறார்கள். இரண்டு மாதம் செழிப்பாக நின்ற செடி ஒரு நாள் கொழுந்தைச் சுருட்டிக்கொள்ளும். இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நரம்பை ஒட்டிக் கரும்பச்சைப் பட்டை தெரியும், இடையிடையே வெளிறிய திட்டு. புதிதாக வரும் ஒவ்வொரு இலையும் முந்தியதைவிடச் சிறுத்து, முறுக்கிக்கொண்டு வரும். சுருண்ட கொழுந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு வேப்பெண்ணெயோ கடை மருந்தோ அடிப்பது வழக்கம். அடுத்த கொழுந்தும் சுருண்டுதான் வரும்.

இலைப்பேன் கடித்தாலும் சிலந்திப்பேன் கடித்தாலும் கொழுந்து சுருளும் என்பது உண்மை. ஆனால் நரம்போரத் தேமலும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் வைரஸின் வேலை. மிளகாய் நரம்புத் தேமல் வைரஸ் தீபகற்ப மலேசியாவில் புதிதாகப் பதிவானது என்று ஓங், வர்கீஸ், திங் ஆகிய மூவரும் 1979-இல் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டியின் ஆய்விதழில் எழுதினார்கள். பிறகு அது ஆசியாவின் மிளகாய்த் தோட்டங்கள் பலவற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் சுமந்து வருவது அசுவினி. ஊசி வாயைச் சில விநாடி இலையில் குத்திச் சுவை பார்த்தாலே போதும், வைரஸ் இறங்கிவிடும். மருந்து பட்டு அசுவினி சாவதற்குள் வந்த காரியம் முடிந்திருக்கும்.

அந்த ஊசி துளைத்தது ஒரு செல்லை, அல்லது பக்கத்திலிருந்த இரண்டொரு செல்லை. செடியிலோ கோடிக்கணக்கான செல்கள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கெட்டியான செல்லுலோஸ் சுவர். விலங்குகளைத் தாக்கும் வைரஸ் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு சவ்வைக் கடந்து உள்ளே போகும். வெளியே வந்து இரத்தத்தில் மிதந்து அடுத்த செல்லைத் தேடும். தாவர வைரஸுக்கு அந்த வசதி இல்லை. தானாகச் சுவரைத் துளைக்கவும் அதற்குத் தெரியாது. அப்படியிருக்க, கீழ் இலையில் ஒரு செல்லில் இறங்கியது உச்சிக் கொழுந்தைச் சுருட்டுவது எப்படி? தாவர வைரஸ் ஆராய்ச்சியில் கடந்த 50 ஆண்டுகளாக நடந்த பெரும் வேலை இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். அந்த வேலையையெல்லாம் சேர்த்துப் படிக்கையில் எனக்குப் படுவது ஒன்று: வைரஸ் ஒரு செல்லுக்குள் பெருகுவதை நோய் என்று சொல்ல முடியாது. அங்கிருந்து இரண்டாவது செல்லுக்குப் போனால்தான் நோய்.

இதற்கு வலுவான சான்று 1982-இல் சுல்சின்ஸ்கி, சைட்லின் இருவரும் வெளியிட்ட ஆய்வு. புகையிலைத் தேமல் வைரஸ் தட்டைப்பயற்றையும் பருத்தியையும் தாக்காது என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். அந்தச் செடிகளில் வைரஸைத் தேய்த்து, இலையின் செல்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது மிகச் சில செல்களுக்குள் வைரஸ் பெருகியிருந்தது. இறங்கிய செல்லிலேயே பெருகி, அங்கேயே அடங்கிவிட்டது. பார்வைக்கு அந்தச் செடிகள் நோயே இல்லாதவை. ஒரு பயிர் ஒரு வைரஸுக்கு இடம் கொடுப்பதில்லை என்று நாம் சொல்லும்போது, பல சமயம் அதன் பொருள் இவ்வளவுதான்: உள்ளே வந்த வைரஸுக்கு அடுத்த செல்லுக்குப் போக வழி கிடைக்கவில்லை.

அந்த வழி எது என்பது வைரஸ் என்ற ஒன்றை அறிவதற்கு முன்பே தெரிந்திருந்தது. பழைய தோட்டத்து லயங்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள பலகைச் சுவர் கூரைவரை எட்டாது. ஆள் தாண்ட முடியாது. ஆனால் அடுத்த வீட்டுப் பேச்சும் தாளிக்கும் வாசமும் தடையில்லாமல் வரும். தாவரச் செல்களின் சுவரும் முழு அடைப்பு இல்லை. 1879-இல் எட்வர்ட் டாங்கல் எட்டிக்கொட்டையின் விதைத் திசுவை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தபோது, சுவரைக் குறுக்கே கடந்து ஒரு செல்லை இன்னொரு செல்லோடு இணைக்கும் நூல் போன்ற இழைகளைக் கண்டார். 1901-இல் ஸ்ட்ராஸ்பர்கர் அவற்றுக்குப் பிளாஸ்மோடெஸ்மா என்று பெயரிட்டார். சர்க்கரை, உப்பு, சின்னஞ்சிறு சமிக்ஞை மூலக்கூறுகள் எல்லாம் இவற்றின் வழியாகவே செல்லுக்குச் செல் போகின்றன.

ஆனால் அளவு உதைக்கிறது. ஒரு பிளாஸ்மோடெஸ்மாவின் குறுக்களவு ஏறக்குறைய 50 நானோமீட்டர். அதன் நடுவே செல்லின் உட்சவ்வே ஒரு தண்டாகத் திரண்டு ஓடுகிறது. தண்டுக்கும் ஓரத்துக்கும் நடுவே பொருள்கள் போக மிஞ்சும் இடைவெளி சுமார் 3 நானோமீட்டர்தான். புகையிலைத் தேமல் வைரஸோ 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் தடிமனும் உள்ள விறைத்த கம்பி. சாதாரண நிலையில் 800 டால்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறையே இந்த இடைவெளி விடாது. வைரஸின் மரபுச் சரம் மட்டுமே 20 இலட்சம் டால்டன்.

ஆனாலும் வைரஸ் போகிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியவர் அடிலெய்டில் வெய்ட் வேளாண் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி சாமுவேல். 1934-இல் வெளிவந்த அவருடைய சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. தக்காளிச் செடியின் ஓர் இலையில் நுனிச் சிற்றிலை ஒன்றில் மட்டும் வைரஸைத் தேய்த்தார். பிறகு ஒவ்வொரு நாளும் சில செடிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வைரஸ் உண்டா என்று பார்த்தார். முதல் இரண்டு மூன்று நாள் அது அந்தச் சிற்றிலையைவிட்டு நகரவே இல்லை. பிறகு திடீரென்று வேரில் தோன்றியது. அதற்கடுத்து உச்சிக் கொழுந்தில். தேய்த்த இலைக்கு அருகிலேயே இருந்த முற்றிய இலைகளுக்கு வந்து சேர இன்னும் பல நாள் ஆயிற்று.

வைரஸின் பயணத்தில் இரண்டு கட்டம் உண்டு என்று இதிலிருந்து தெரிந்தது. முதலில் செல்லுக்குச் செல் ஊர்ந்து நரம்பை அடைவது. பிறகு, இலையில் சமைத்த சர்க்கரையை வேருக்கும் கொழுந்துக்கும் கொண்டுபோகும் புளோயம் என்ற உணவுக் குழாயில் விழுந்து அதன் ஓட்டத்தோடு போவது. சர்க்கரை எங்கே போகிறதோ வைரஸும் அங்கே போகும். முற்றிய இலை சர்க்கரையை அனுப்புமே தவிர வாங்காது. அதனால் அதற்குள் வைரஸ் பிந்தியே வருகிறது. சுருண்ட கொழுந்தைக் கிள்ளுவது ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. கொழுந்து சுருளும்போது வைரஸ் வேர்வரை போய்த் திரும்பியிருக்கும். இரண்டாம் கட்டத்தை ஓட்டம் பார்த்துக்கொள்கிறது. முதல் கட்டத்தில்தான் வைரஸ் தன் சொந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

அது என்ன வேலை என்று காட்டிக்கொடுத்தது ஓர் ஊனமுற்ற வைரஸ். 1978-இல் நிஷிகுச்சியும் அவருடைய ஜப்பானியச் சகாக்களும் எல்எஸ்1 என்ற புகையிலைத் தேமல் வைரஸ் வகையை விவரித்தார்கள். 22 டிகிரி வெப்பத்தில் அது மற்ற வைரஸைப் போலவே பரவும். 32 டிகிரியில் நின்றுபோகும். (சிலிம் ரிவரின் மத்தியானத்தில் அது ஓர் அடியும் நகராது.) ஆனால் அதே 32 டிகிரியில், சுவரை நீக்கித் தனித்தனியாக வைத்த செல்களுக்குள் அது நன்றாகவே பெருகியது. பெருகும் திறனும் பரவும் திறனும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. வைரஸின் மரபெழுத்தைப் படித்தபோது, 30,000 டால்டன் எடையுள்ள ஒரு புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அதற்கு முன்பு, அந்தப் புரதம் எதற்கு என்று யாருக்கும் புரியாமல் இருந்தது.

1987-இல் அமெரிக்காவில் ரோஜர் பீச்சியின் குழு அடுத்த அடியை எடுத்தது. நல்ல வைரஸின் அந்த ஒரு மரபணுவை மட்டும் புகையிலைச் செடிக்குள் நுழைத்து, செடியே அந்தப் புரதத்தைச் செய்யும்படி வளர்த்தார்கள். அதில் எல்எஸ்1-ஐத் தேய்த்து 32 டிகிரியில் வைத்தபோது அது பரவியது. நகரத் தெரியாத வைரஸைச் செடியே நகர்த்தியது. இயக்கப் புரதம் என்ற பெயர் அதன்பின் நிலைத்துவிட்டது. 1989-இல் உல்ஃப், டியோம், பீச்சி, லூகாஸ் நால்வரும் அதே செடிகளின் செல்களுக்குள் ஒளிரும் சாயம் ஏற்றிய சர்க்கரைச் சங்கிலிகளை ஊசியால் செலுத்தினார்கள். வழக்கமான செடியில் 800 டால்டனோடு நின்றது. இயக்கப் புரதம் செய்யும் செடியில் 9,000 டால்டனுக்கு மேற்பட்ட சங்கிலியும் பக்கத்துச் செல்லில் போய் ஒளிர்ந்தது. புரதம் துளையை விரித்திருந்தது.

விரித்தாலும் 20 இலட்சம் டால்டன் எப்படிப் போகும்? 1990-இல் சிட்டோவ்ஸ்கியும் சாம்பிரிஸ்கியும் பாதி விடை சொன்னார்கள். இயக்கப் புரதம் வைரஸின் ஆர்.என்.ஏ. சரத்தில் நெடுக வரிசையாக ஒட்டிக்கொள்கிறது. சுருண்டு திரண்டு கிடந்த சரம் நீண்டு மெலிந்த இழையாகிறது. எடை பெரிதானாலும் தடிமன் குறைந்துபோனால் துளை விடும். கம்பி வடிவத்தில் வைரஸ் துளைக்குள் போவதே இல்லை. மேலுறைப் புரதத்தைக் கழற்றிவிட்டு, வெறும் மரபுச் சரமாக, இயக்கப் புரதத்தின் துணையோடு போகிறது. மேலுறை இல்லாத புகையிலைத் தேமல் வைரஸும் செல்லுக்குச் செல் பரவிக் காட்டியிருக்கிறது. நரம்பு வழி நெடும்பயணத்துக்குத்தான் அதற்கு மேலுறை வேண்டும்.

இதுவரை ஒருமித்த கருத்து. இதற்கப்பால் சச்சரவு. துளைவரை அந்தச் சரக்கைக் கொண்டுபோவது எது? 1995-இல் இயக்கப் புரதம் செல்லின் உள்ளே ஓடும் நுண்குழல்களின் மேல் அணிவகுத்து நிற்பதைப் படமெடுத்தார்கள். அதுவே தண்டவாளம் என்று பலர் முடிவுகட்டினார்கள். 2002-இல் கில்லெஸ்பியும் சகாக்களும் நுண்குழலில் ஒட்டாத இயக்கப் புரதம் ஒன்றை உருவாக்கிப் பார்த்தார்கள். வைரஸ் அதைக்கொண்டு முன்னைவிட நன்றாகவே பரவியது. அப்படியானால் நுண்குழலில் நின்றவை பயணம் போகின்றவையா, வேலை முடிந்து அழிக்கப்படக் காத்திருந்தவையா? 2004-இல் கவகாமி, வாட்டனபே, பீச்சி மூவரும் இன்னொரு படம் காட்டினார்கள். தனி இழையாக இல்லாமல், வைரஸ் தன் நகலெடுக்கும் பட்டறையையே கூட்டமாக அடுத்த செல்லுக்கு நகர்த்துகிறது என்றது அந்த ஆய்வு. முதல் செல்லைவிட்டுக் கிளம்ப ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும் வைரஸ், அடுத்தடுத்த செல்களைச் சில மணி நேரத்திலேயே முடித்துக்கொண்டு போவதற்கு இது நல்ல விளக்கம். பட்டறையோடு வந்தவனுக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நுண்குழல்தான் பாதை என்ற வாதம் எனக்கு வலுவிழந்ததாகவே தோன்றுகிறது. ஆனால் அதை முழுதாகக் கைவிட்டவர்கள் குறைவு.

புகையிலைத் தேமல் வைரஸ் ஒரு மாதிரிதான். எல்லா வைரஸும் அதன் வழியில் போவதில்லை. காராமணித் தேமல் வைரஸின் இயக்கப் புரதம் துளையின் நடுத்தண்டையே அகற்றிவிட்டு அங்கே தன் சொந்தக் குழாயைக் கட்டுகிறது. உருண்டையான முழு வைரஸ்கள் அந்தக் குழாய்க்குள் வரிசையாக நிற்பதை மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் பார்க்கலாம். உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸ் அந்த வேலையை மூன்று புரதங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் டிரிஸ்டெசா வைரஸின் குடும்பமோ, செல்களில் சாதாரணமாக இருக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதம் ஒன்றைப் போன்றதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நகர்கிறது.

மிளகாய் நரம்புத் தேமல் வைரஸ் சேர்ந்த பாட்டிவைரஸ் குடும்பத்தின் கதைதான் இவற்றில் எல்லாம் விசித்திரமானது. 1991-இல் ஜொகூரில் தோன்றி மலேசியப் பப்பாளித் தோட்டங்களை மிரட்டிய வளையப்புள்ளி வைரஸும் இதே குடும்பம். இவற்றின் மரபுச் சரம் சுமார் 9,700 எழுத்து. அதை ஒரே மூச்சில் ஒரு நெடும்புரதமாகப் படித்து, பிறகு பத்துத் துண்டாக வெட்டிக்கொள்கின்றன. 1986-லேயே இக்குடும்ப வைரஸின் முழு எழுத்தும் படிக்கப்பட்டுவிட்டது. பத்துத் துண்டுக்கும் பெயர் வைத்தாயிற்று. ஆனால் தனி இயக்கப் புரதம் என்று ஒன்றும் அகப்படவில்லை. உருளை உட்பொதிவுப் புரதம் என்ற துண்டு துளையின் வாயில் கூம்பாக நிற்பதைப் பார்த்தார்கள். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடியவில்லை.

2008-இல் பெட்டி சுங், ஆலன் மில்லர், அட்கின்ஸ், ஃபர்த் ஆகியோர் கணினியில் எழுத்துகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கையில், அந்த நெடும்புரதத்தின் நடுவிலேயே, ஓர் எழுத்து தள்ளிப் படித்தால் வேறொரு சிறு புரதத்துக்கான வரி மறைந்திருப்பதைக் கண்டார்கள். இருபது ஆண்டுக்கு மேல் எத்தனையோ பேர் கண்முன்னே கிடந்த வரி அது. பிபோ என்று அதற்குப் பெயர். அதை வைரஸ் எப்படிப் படிக்கிறது என்பது இன்னும் வேடிக்கை: நகலெடுக்கும் நொதி, வரிசையாக ஆறு 'ஏ' வரும் இடத்தில் சில வேளை தடுக்கி, ஏழாவதாக ஒன்றைக் கூடுதலாக எழுதிவிடுகிறது. அப்படித் தடுக்கிய சிறு பங்கு நகல்களிலிருந்துதான் இந்தப் புரதம் பிறக்கிறது. 2010-இல், கூம்புப் புரதத்தைத் துளைக்கு இட்டுச்செல்வது இதுதான் என்று காட்டினார்கள். 2012-இல் ஆலன் மில்லரோடு பணியாற்றிய பரமசிவன் விஜயபழனியும் சகாக்களும், பிபோ செடியின் மேற்சவ்வில் ஒட்டியிருக்கும் பிகேப்1 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே தங்குகிறது என்று கண்டார்கள். அந்தப் புரதம் இல்லாத செடியில் வைரஸின் பரவல் மந்தமானது. வைரஸைக் கொல்லாமல், அது பிடித்துக்கொள்ளும் கொம்பை எடுத்துவிடும் வழிக்கு இது ஒரு தொடக்கம்.

வெண்டைக்காயின் மஞ்சள் நரம்பு நோய் வேறு விதம். பம்பாய் மாகாணத்தில் 1924-லேயே பதிவான இந்நோய் வெள்ளை ஈயால் பரவுகிறது. இலையின் நரம்பெல்லாம் வலைபோல் மஞ்சளாகி, காய் வெளுத்து நார்ப்பற்றிவிடும். இதன் வைரஸ்களுக்கு மரபுப் பொருள் டி.என்.ஏ. என்பதால் செல்லின் கருவுக்குள் பெருக வேண்டும்; பிறகு கருவிலிருந்து வெளியே வர வேண்டும், அதன்பின் செல்லிலிருந்தும். தடை இரண்டு. இந்தக் குடும்பத்தில் இரண்டு டி.என்.ஏ. வளையம் கொண்டவை இரண்டாம் வளையத்தில் இரண்டு புரதங்களை வைத்துக்கொண்டு சமாளிக்கின்றன: ஒன்று கருவிலிருந்து வெளியே கொண்டுவரும், மற்றது சுவரைத் தாண்டக் கொண்டுபோகும். 1994-இல் குட்டை அவரைத் தேமல் வைரஸில் நூயிரி, லூகாஸ், கில்பர்ட்சன் மூவரும் இந்த வேலைப்பங்கீட்டைக் காட்டினார்கள்.

வெண்டை வைரஸுக்கு ஒரே வளையம். இரண்டாம் வளையம் இல்லாமல் அது எப்படிப் பிழைக்கிறது? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜாய்ஸ் ஜோஸும் ஆர். உஷாவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வைரஸோடு ஒட்டிக்கொண்டு வரும் சிறிய துணை வளையம் ஒன்றும் இருந்தால்தான் நோய் முழு உருவில் வருகிறது என்று நிறுவினார்கள். துணை வளையத்தில் இருப்பது ஒரே மரபணு. அதன் புரதம் வைரஸின் மேலுறைப் புரதத்தோடு கைகோப்பதை உஷாவின் குழு 2006-இல் காட்டியது. மேலுறைப் புரதம் கருவில் நிற்க, துணைப் புரதம் செல்லின் ஓரத்தில் நின்றது. இரண்டு வளைய வைரஸ் இரண்டு புரதங்களால் செய்வதை இது ஒரு சொந்தப் புரதத்தாலும் ஓர் ஒட்டுத் துணையாலும் செய்கிறது போலும். தமிழ்நாட்டு வெண்டை வயலிலிருந்து வந்த இந்த விவரம் உலக இலக்கியத்தில் உரிய இடத்தைப் பெற்றது என்று சொல்ல மாட்டேன், பெற வேண்டியது.

எல்லா வைரஸும் செடி முழுக்கப் பரவ ஆசைப்படுவதில்லை என்பதற்குப் பேராக்கின் வடக்கு எல்லையிலேயே ஓர் உதாரணம் உண்டு. கிரியான் நெல்வயல்களில் 1930-களிலிருந்தே பயிர் குட்டையாகி, இலை மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறும் ஒரு கோளாறு அடிக்கடி தலைகாட்டியது. மலாய் விவசாயிகள் அதைப் பெனியாகிட் மேரா, சிவப்பு நோய் என்றார்கள். மண்ணில் குறை, சத்தில் குறை என்றே நெடுங்காலம் பேசப்பட்டது. 1965-இல் சர்வதேச நெல் ஆய்வு நிறுவனத்தின் ஓவும் ரிவேராவும், இங்கிருந்த நவரத்தினம், கோ ஆகியோருடன் சேர்ந்து, பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது என்று நிறுவினார்கள். பிலிப்பைன்ஸில் துங்ரோ என்று அழைக்கப்பட்ட நெல் நோயும் அதுவும் ஒன்றே. பிறகு தெரிந்தது, இது இரண்டு வைரஸ்களின் கூட்டு என்று. உருண்டையானது தனியாக இருந்தால் செடியில் அடையாளமே காட்டாது. கம்பி வடிவானது நோயைத் தரும், ஆனால் உருண்டையின் துணையில்லாமல் தத்துப்பூச்சியில் ஏறாது. இரண்டும் பெரும்பாலும் நரம்புக் கற்றைக்குள்ளேயே குடியிருக்கின்றன. இலையின் மற்றச் செல்களுக்குள் போவதற்கான அவசரம் அவற்றுக்கு இல்லை. தத்துப்பூச்சி வந்து குடிக்கும் இடம் நரம்புதான். அங்கே காத்திருந்தால் போதும். அதிகப் பரவலைத் திறமை என்று எண்ணிக்கொள்வது நம் பழக்கம். துங்ரோவுக்கு அது தேவைப்படவில்லை.

கூட்டுச் சேர்வது இயக்கப் புரதத்தின் கதையில் இன்னொரு விதத்திலும் வருகிறது. புகையிலைத் தேமல் வைரஸ் பார்லியில் பரவாது. ஆனால் பார்லிக்கே உரிய கோடு தேமல் வைரஸ் முன்பே இருந்தால், அதன் தோளில் ஏறிப் புகையிலைத் தேமல் வைரஸும் பரவுகிறது என்று 1970-இல் ஹாமில்டனும் டாட்ஸும் எழுதினார்கள். ஒருவர் விரித்த துளையில் இன்னொருவர் போகிறார். மிளகாயில் நரம்புத் தேமல் வைரஸும் வெள்ளரித் தேமல் வைரஸும் ஒரே செடியில் காணப்படுவது வழக்கம்தான். ஒரே இலையில் இரண்டு மூன்று வைரஸ் இருக்கும் செடியில் எது எதைக் கொண்டுபோகிறது என்று பிரித்துப் பார்ப்பது ஆய்வகத்துக்கே கடினமான வேலை. கெமரன் மலைக்கும் தாழ்நிலத்துக்கும் இடையே நாற்றும் காயும் ஏறி இறங்கும் பேராக் போன்ற இடத்தில் அதை அலட்சியம் செய்ய முடியாது.

செடி இதையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. துளையின் இரு வாயையும் சுற்றிக் கேலோஸ் என்ற சர்க்கரைப் பசையைப் படியவைத்து இறுக்கும். பசையைக் கரைக்கும் நொதியும் செடியிடமே உண்டு. அந்த நொதி குறைந்த புகையிலை வகையில் பசை மிகுந்து, துளை சுருங்கி, வைரஸின் பரவல் தாமதமாவதை இக்லேசியாசும் மைன்சும் 2000-இல் காட்டினார்கள். இதைக் கேட்டவுடன், துளையை நிரந்தரமாக அடைத்த பயிரை உருவாக்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. அதே வழியில்தான் சர்க்கரை போகிறது. வளர்ச்சிக் கட்டளைகள் போகின்றன. 1995-இல் மக்காச்சோளத்தின் நாட்டட்1 என்ற புரதம், தானே துளையை விரித்துக்கொண்டு, தன் ஆர்.என்.ஏ.-வையும் அழைத்துக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போவதை லூகாஸின் குழு கண்டது. வைரஸ் செய்வதை அப்படியே செடியும் செய்கிறது. வைரஸ் புதிய வழி எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருக்கும் போக்குவரத்தில் ஏறிக்கொண்டது.

ஆனால் இயக்கப் புரதத்தை வைரஸ் செடியிடமிருந்து திருடியது என்று எண்ணுவதற்கு இப்போது தடை வந்திருக்கிறது. 2023-இல் குரூபோவிச், கூனின், டோல்யா ஆகியோரின் குழு புரத வடிவங்களைக் கணினியில் ஒப்பிட்டு, புகையிலைத் தேமல் வைரஸின் 30,000 டால்டன் புரதமும் அடங்கிய 30கே குடும்பத்து இயக்கப் புரதங்கள் வைரஸ்களின் மேலுறைப் புரதத்திலிருந்து உருமாறி வந்தவை என்று வாதிட்டது. மரபுச் சரத்தைப் போர்த்திக் காத்த புரதத்தின் பிரதி ஒன்று, பிற்காலத்தில் அதை ஏந்தி நடத்தும் வேலைக்கு மாறியது என்கிறார்கள். பூசணியின் உணவுக் குழாயில் வைரஸின் இயக்கப் புரதத்தை ஒத்த ஒரு புரதம் 1999-இல் கிடைத்ததை வைத்துச் செடிதான் மூலம் என்று பேசியவர்களுக்கு, இது மறுபடி யோசிக்க வேண்டிய இடம்.

பயிர் வளர்ப்பவருக்கு இவற்றில் நேரடியாகப் பயன்பட்டது ஒன்று உண்டு. காட்டுத் தக்காளியிலிருந்து எடுத்த டிஎம்-2² என்ற மரபணு, வைரஸின் இயக்கப் புரதத்தையே அடையாளம் கண்டுகொள்ளும். அது சுவரருகே வந்ததும் அந்தச் செல்லைச் சாகவைத்துப் பரவலை நிறுத்தும். பல பத்தாண்டுகள் உலகத் தக்காளி வகைகளை இந்த ஒரு மரபணு காத்தது. பயிர் எதிர்ப்பு மரபணுக்களில் இவ்வளவு காலம் நின்றவை அரிது. இயக்கப் புரதத்தை மாற்றினால் நடமாட்டம் கெடும் என்பதால் வைரஸால் தப்ப முடியவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். 2015-இல் ஜோர்டானின் பசுமைக்கூடங்களில் கண்டெடுத்த தக்காளிப் பழுப்புச் சுருக்கப்பழ வைரஸ் அந்தக் காவலைத் தாண்டியது. தாண்டியது தன் இயக்கப் புரதத்தில் செய்த மாற்றத்தால்தான் என்றும், அந்த மாற்றத்துக்கு விலையாக அதன் செல்லுக்குச் செல் வேகம் குறைந்துபோனது என்றும் 2021-இல் ஹக், ஸ்பீகல்மன் இருவரும் காட்டினார்கள். வேகம் குறைந்தும் உலகம் முழுக்கப் பரவியது என்பது கவனிக்கத்தக்கது. தொட்டாலே ஒட்டும் வைரஸுக்கு வேலைக்காரரின் கையும் கத்தரியும் மீதி வேலையைச் செய்துவிடுகின்றன.

புரதத்தையே மையமாக வைத்து எழுதிய இந்த ஆய்வுகளுக்கெல்லாம் அடங்காத ஒன்று சிலிம் ரிவர் வட்டாரத்தின் இன்றைய முதல் பயிரான செம்பனையில் இருக்கிறது. செம்பனை மட்டைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றும் நிலையை மரத்தின் பிறவிக் குறையாகக் கருதியதுண்டு. புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கணேசன் வடமலை, அடிலெய்டின் ஜான் ரேண்டல்ஸ் முதலியவர்களோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரையில், மலேசியச் செம்பனையிலிருந்து பிரித்தெடுத்த மூன்று சிறு ஆர்.என்.ஏ. வளையங்கள் தென்னையின் கடாங்-கடாங் வைராய்டின் உறவினர்கள் என்று காட்டினார். பிலிப்பைன்ஸில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளைக் கொன்ற நோய் கடாங்-கடாங். ரேண்டல்ஸ் பணியாற்றியதும் சாமுவேல் தக்காளியை வெட்டிய வெய்ட் நிறுவனம்தான்.

கடாங்-கடாங் வைராய்டின் அடிப்படை வடிவத்துக்கு 246 எழுத்துதான். மேலுறை இல்லை, இயக்கப் புரதம் இல்லை. ஒரு புரதத்துக்கான வரியும் அதில் கிடையாது. இருந்தும் வைராய்டுகள் பிளாஸ்மோடெஸ்மா வழியாகவே செல்லுக்குச் செல் போகின்றன என்று 1997-இல் பியாவ் டிங்கும் சகாக்களும் உருளைக்கிழங்கு வைராய்டை ஊசியால் செலுத்திக் காட்டினார்கள். வைராய்டின் ஆர்.என்.ஏ. தன்மேல் தானே மடிந்து, ஆங்காங்கே சிறு கண்ணிகளாகப் பிதுங்கி நிற்கும். 2007, 2008-இல் டிங்கின் குழு அந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்தது. ஒரு கண்ணியைக் கெடுத்தால் பெருகுவது நின்றது; இன்னொன்றைக் கெடுத்தால் பெருகியது, ஆனால் நரம்புக்குள் நுழைய முடியவில்லை. எல்எஸ்1-இல் ஓர் அமினோ அமிலம் செய்த வேலையை இங்கே ஆர்.என்.ஏ.-வின் ஒரு மடிப்பே செய்கிறது. செடியின் ஏதோ ஒரு புரதம் அந்த மடிப்பைக் கண்டு பிடித்து ஏற்றிக்கொள்கிறது என்பதே இப்போதைய கணிப்பு.

அந்தச் சோதனைகளுக்குப் பயன்பட்ட செடி புகையிலை இனத்தது. நான்கைந்து வாரத்தில் முடிவு தெரிந்துவிடும். செம்பனை காய்க்கவே ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். தென்னையில் கடாங்-கடாங் தோன்றி மரம் சாக எட்டு முதல் பதினாறு ஆண்டு பிடிக்கிறது. வடமலையின் குழு 2014-இல் வைராய்டு இருக்கிறதா என்று மட்டையிலிருந்து விரைவாகச் சோதித்துச் சொல்லும் முறையை வெளியிட்டது. இருக்கிறதா என்பதை இனி ஒரே நாளில் சொல்லலாம். எந்த மடிப்பைக் காட்டி அது செம்பனையின் எந்தச் செல்லைக் கடக்கிறது என்பதற்கு, இன்று நட்ட கன்று ஒன்று காய்த்து முற்றும்வரை யாராவது கூடவே இருந்து பார்க்க வேண்டும்.